சாமிக்கு மிச்சமான வேலை

திருப்புலி நாடு,
தை மாதம், ஞாயிற்றுக்கிழமை

அன்பு மிகுந்த என் கணவருக்கு, பானுமதி எழுதுவது.

நானும் மாமாவும் நலம். அங்கே உங்கள் உடம்பும் மூச்சும் நலமாக இருக்க வேண்டும். மூச்சையும் சேர்த்து எழுதுவது, நீங்கள் லடாக்கில் தொலைநோக்கி இருக்கும் அந்த உயரத்துக்கு வேலைக்குப் போன பிறகு எனக்கு வந்த பழக்கம்.

போனில்தான் பேசுகிறோமே, கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் என்ன பேசுகிறோம்? டவர் எடுக்கும் பாறைமேல் நான் ஏறி நிற்கும்போது என்னைச் சுற்றி எப்போதும் நாலு பேர் அவரவர் போனோடு நிற்கிறார்கள். பக்கத்து வீட்டுக் கண்ணாயி தன் தங்கச்சியோடு சண்டை போட்டுக்கொண்டே ஒரு காதை என் பக்கம் வைத்திருப்பாள். உங்கள் பக்கத்திலும் யாரோ இருமுகிற சத்தம் கேட்கிறது. சாப்பிட்டாயா, மழையா, அப்பா எப்படி என்று கேட்கிறீர்கள். சாப்பிட்டேன், பனி, நன்றாக இருக்கிறார் என்கிறேன். சொல்ல நினைத்ததெல்லாம் என்னோடு பாறையிலிருந்து இறங்கி வீட்டுக்கு வந்துவிடுகிறது.

மிளகு பறிப்பு பாதி முடிந்தது. கண்ணாயியின் வீட்டுக்காரர் முருகானந்தம் சில்வர் ஓக் மரங்களில் ஏணி சாய்த்துப் பறித்துத் தருகிறார். நான் வாசலில் காயப்போட்டு, பனி இறங்குமுன் அள்ளிவிடுகிறேன். பள்ளிக்கூட நாட்களில் மாமாதான் காவல். குரங்கு வந்தால் அவருக்குக் கண் தெரிவதில்லை, சத்தத்தை வைத்துக் கல்லெறிகிறார். போன வாரம் என் பிளாஸ்டிக் குடம் போயிற்று. கேட்டதற்கு, குரங்கும் ஓடிப்போச்சில்ல என்றார்.

அவருடைய வலது கண்ணில் புரை முற்றிவிட்டது, இடதிலும் ஆரம்பித்திருக்கிறது. நாமக்கல்லுக்குக் கூட்டிப்போய்க் காட்டினேன். பங்குனியில் ஆபரேஷன். கூரையில் உடைந்த ஓடுகளை மாற்றிவிட்டேன். மோட்டார் ஸ்டார்ட்டரை நானே கழற்றி மாட்டினேன், பிசிக்ஸ் படித்ததற்கு அதுவாவது ஆயிற்று. உதவி கேட்டு இதையெல்லாம் எழுதவில்லை. முடிந்துபோன காரியங்களைத்தான் சொல்கிறேன்.

பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு ஈர்ப்புப் பாடம் நடக்கிறது. கோகிலவாணி என்று ஒரு பெண், கடைசி பெஞ்சுக்காரி, எழுந்து, "கோளெல்லாம் தானாவே சுத்துதுன்னா சாமிக்கு என்னங்க மிஸ் வேலை?" என்று கேட்டாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, பாடத்தில் இல்லாததைச் சொன்னேன்.

உலகம் சின்னதாக இருந்தபோது சாமி பக்கத்தில் இருந்தார் என்றேன். கீழே ஒரு பாம்பு பூமியைத் தாங்கிக்கொண்டிருந்தது, எட்டுத் திசையிலும் யானைகள் நின்றன, மேலே ஏழு உலகம். மழை பொய்த்தால் எந்தக் குன்றின்மேல் ஏறி யாரைக் கேட்பது என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது. மேல்நாட்டில் அதையே வேறு மாதிரிச் சொன்னார்கள். பூமியைச் சுற்றி வெங்காயத் தோல்போலக் கோளங்கள், கடைசித் தோலுக்கு வெளியே கடவுள், அங்கிருந்து எல்லாவற்றையும் சுழற்றிக்கொண்டிருக்கிறார். பிறகு ஒருவர் சூரியனைக் கொண்டுவந்து நடுவில் வைத்தார். தோலெல்லாம் உரிந்துபோயிற்று. நியூட்டன் வந்து, சுற்றுவதற்குக் கை வேண்டாம் என்று காட்டினார். ஆனால் நாளாக ஆகக் கோள்கள் வழி பிசகும், அவ்வப்போது கடவுள் வந்து சரி செய்வார் என்று அவரே நம்பினார். நூறு வருஷம் கழித்து இன்னொருவர் கணக்குப் போட்டு, அந்தப் பிசகுகள் காலப்போக்கில் தாமே நேராகிக்கொள்ளும் என்றார். உன் கணக்கில் கடவுள் எங்கே என்று அரசன் கேட்டதற்கு, அவர் எனக்குத் தேவைப்படவில்லை என்று பதில் சொன்னதாகச் சொல்வார்கள்.

பிள்ளைகள் கைதட்டினார்கள். மணி அடித்துவிட்டது. எனக்கு அன்றைக்கு முழுக்க அந்தக் கடவுளைப் பற்றித்தான் வருத்தமாக இருந்தது. எப்போதாவது வந்து கதவுக் கீலை முடுக்கிவிட்டுப் போகிற ஒரு வேலை அவருக்கு மிச்சம் இருந்தது. அதையும் வாங்கிக்கொண்டார்கள்.

சாப்பிடும்போது மாமாவிடம் உலகத்தின் அளவைச் சொன்னேன். உங்கள் மகன் கண்ணாடியில் பிடிக்கிற வெளிச்சம் கிளம்பியபோது இந்தக் கொல்லிமலையே கிடையாது என்றேன். களியை உருட்டிக்கொண்டே கேட்டார். "அத்தனை பெருசா கண்ணு? அப்ப சாமி ஒரு சுத்து சுத்தி வாரதுக்குள்ள நம்ம ஆயுசு முடிஞ்சிருமே" என்றார். அப்புறம், "அதான் நாம அது இருக்கற எடத்துக்குப் போயிக் கேக்கறோம். தேடி வரட்டும்னு ஊட்டுல உக்காந்திருந்தா வேலைக்காவுமா" என்றார். சிரித்தேன். சிரித்த பிறகு உங்கள் போன் ஞாபகம் வந்தது.

இன்னும் ஐந்து வருஷம் அங்கேயே இருப்பதா, கோயம்புத்தூர் பட்டறைக்கு மாற்றல் கேட்பதா என்று மாசி முடிவதற்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றீர்கள். கோயம்புத்தூர் என்றால் சனிக்கிழமைதோறும் பஸ் ஏறி வந்துவிடலாம். "நீ என்ன சொல்றியோ அதான் பானு" என்றீர்கள். உங்கள் இஷ்டம் என்றேன். இல்லை, உன் இஷ்டம் என்றீர்கள். கண்ணாயி தன் சண்டையை நிறுத்திவிட்டு நம்மைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

உங்கள் மனசு எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெரிய கண்ணாடியைத் துடைப்பதைப் பற்றிப் பேசும்போது மட்டும் உங்கள் குரலில் ஒரு சூடு வருகிறது. நான் வாருங்கள் என்று சொல்லி, நீங்கள் வந்து, பட்டறையில் உட்கார்ந்து வடக்கையே நினைத்துக்கொண்டிருந்தால் அந்தப் பாவம் என்னைச் சேரும். இருங்கள் என்று சொன்னால், அதற்கு அடுத்த வரியை எழுத எனக்கு வரவில்லை.

கண்ணாயி சும்மா இருப்பாளா. மறுநாளே விஷயம் மாமாவிடம் போய்விட்டது. "அவன் உன்னயக் கேக்கறான், நீ அவனக் கேக்கற. ரெண்டு பேரும் வாயத் தொறக்கலீன்னா, கேக்கறதுக்கு வேற ஆளு இருக்குது" என்றார். மாசி முதல் வெள்ளிக்கிழமை கோயிலில் பூப் போட்டுப் பார்ப்பதாக ஊருக்கும் சொல்லிவிட்டு வந்துவிட்டார். சிவப்பு வந்தால் செங்கோடன் திரும்பி வரட்டும், வெள்ளை வந்தால் அங்கேயே இருக்கட்டும் என்று அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

நம் வீட்டுக்காகக் கடைசியாகப் பூக் கேட்டது உங்களுக்கு மறந்திருக்காது. குழந்தைக்காகக் கேட்டோம். அன்றைக்குச் சிவப்பு என்றால் உண்டு என்று அர்த்தம். சிவப்புத்தான் வந்தது. நீங்கள் சோளக்காட்டுக்குப் போய் ஊருக்கெல்லாம் அன்னாசிப்பழம் வாங்கி வந்தீர்கள். அப்புறம் வருஷங்கள் போயின. மாமா ஒரே ஒரு தடவைதான் அதைப் பற்றிப் பேசினார். சாமி தரேன்னுதான் சொல்லுச்சு, எப்பன்னு நாமதான் கேக்காம உட்டுட்டோம் என்றார். அதன் பிறகு நீங்கள் சேலத்தில் வேலை தேடினீர்கள், பிறகு பெங்களூர், பிறகு அந்தப் பனி. ஒவ்வொரு இடமும் முந்தினதைவிட வானத்துக்குப் பக்கம் என்று கேலி செய்திருக்கிறேன்.

பூப் போட வேண்டாம் என்று மாமாவிடம் நான் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று எனக்கே புரியவில்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். உறையின் மேல் உங்கள் பெயரை எழுதும்போது இன்றைக்கும் கை கூசுகிறது, கோயிலுக்குள் செருப்போடு போய்விட்ட மாதிரி.

இப்படிக்கு,
உங்கள் பானுமதி


திருப்புலி நாடு,
மாசி மாதம், சனிக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

நேற்று பூப் போட்டாயிற்று. சிவப்பு.

மாமா இன்று காலையே முருகானந்தத்தின் தோளைப் பிடித்துக்கொண்டு பாறை ஏறிவிட்டார். உங்கள் போன் எடுக்கவில்லையாம். திரும்பத் திரும்ப ஏறுவார், அதனால் இந்தக் கடிதத்துக்கு முன்னால் செய்தி வந்துவிடும். அவர் சொல்லாமல் விட்டதை நான் எழுதுகிறேன்.

பொட்டலம் கட்டுவது எப்போதும் பூசாரி அருணாசலத்தின் வீட்டு வேலை. இந்தத் தடவை மாமா ஒப்பவில்லை. "டீச்சரு கட்டட்டும். பொய் சொல்லத் தெரியாத புள்ள" என்று பத்துப் பேர் முன்னால் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. கட்டுகிறவர் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. கட்டி முடித்ததிலிருந்து பிரிக்கும்வரை யாரோடும் பேசக் கூடாது. பேசினால் பூ கேட்டுவிடுமாம்.

சிவப்புக்குச் செவ்வரளி, வெள்ளைக்கு நந்தியாவட்டை. கோயிலுக்குப் பின்னால் பலா மரத்தடியில் தனியாக உட்கார்ந்து, வாழைச்சருகில் ஒரே அளவாகச் சுருட்டி, நாரால் கட்டினேன். வெளியே பார்த்து இது அது என்று யாராலும் சொல்ல முடியாது. கொண்டுவந்து சாமிக் கல்லின் முன்னால் வைத்துவிட்டு ஓரமாக நின்றேன்.

கண்ணாயி என் பக்கத்தில் வந்து நின்று, தலையை உற்றுப் பார்த்தாள். "என்னங்க டீச்சர், பூவெல்லாம் வெச்சிருக்கீங்க? அதும் நந்தியாவட்டை. கண்ணு வலின்னா அதப் புழிஞ்சு உடுவாங்க, கொண்டையில சொருவி இன்னிக்குத்தான் பாக்கறேன்" என்றாள். நான் பேசக் கூடாதே. அவளே, "அண்ணன் வர்ற தெம்பு" என்று பதிலும் சொல்லிக்கொண்டாள்.

எடுத்துக் கொடுத்தது அவள் மகள் வயிற்றுப் பிள்ளை பூங்குழலி. மூன்று வயசு ஆகவில்லை. ஒன்றை எடு சாமி என்றால், இரண்டையும் அள்ளி மார்போடு அணைத்துக்கொண்டது. பூசாரி, ஒண்ணு குடு தங்கம் என்று கெஞ்சினார். ரெண்டும் எனக்குத்தான் என்றது. எல்லாரும் சிரித்தார்கள். மாமா, "அதும் சரிதான். ரெண்டும் வேணும்னுதான் எல்லாத்துக்கும் ஆசை" என்றார். இரண்டையும் பிரித்துப் பார்த்துவிடலாமே என்று யாரோ சொன்னது என் காதில் விழுந்தது. கடைசியில் பூசாரி ஒரு வாழைப்பழத்தை நீட்டினார். பழத்துக்குக் கை வேண்டுமே, அதனால் பிள்ளை ஒன்றைக் கீழே போட்டது. கையில் இருந்ததைப் பிரித்தார்கள்.

பெண்கள் குலவை போட்டார்கள். மாமா அந்தப் பூவை வாங்கி முகத்துக்குக் கிட்டே பிடித்துக்கொண்டு, செவப்புத்தானே, செவப்புத்தானே என்று ஒவ்வொருவரிடமும் கேட்டார். கீழே விழுந்த பொட்டலத்தைப் பிரிக்காமல் ஓடையில் விட்டுவிடச் சொல்லி என்னிடம் கொடுத்தார்கள். முந்தானையில் முடிந்துகொண்டேன்.

இப்போது உங்கள் கட்டிலுக்குப் புதுக் கயிறு மாற்றச் சொல்லியிருக்கிறார். முருகானந்தம் முற்றத்தில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருக்கிறார். ஊரில் பார்க்கிறவர்களெல்லாம் என்னிடம் மிட்டாய் கேட்கிறார்கள். நானும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

மூச்சு வாங்கினால் ஆக்சிஜன் வைத்துக்கொள்ளச் சோம்பல்படாதீர்கள்.

உங்கள்
பானுமதி


செம்மேடு,
மாசி மாதம், வியாழக்கிழமை

அன்புள்ள உங்களுக்கு,

இதைச் செம்மேட்டிலேயே, பள்ளிக்கூடம் விட்டதும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். வீட்டில் எழுதினால், என்ன கண்ணு எழுதற என்று மாமா கேட்பார். முடித்த கையோடு விரைவு அஞ்சலில் போட வேண்டும். நீங்கள் எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் இது உங்கள் கைக்கு வந்துவிட வேண்டும்.

நேற்று பாறையில் நீங்கள் சிரித்தீர்கள். "அப்பா சொன்னாரு. சாமியே சொல்லிடுச்சு, இனி என்ன யோசனை? மாச கடைசியில எழுதிக் குடுத்துடறேன் பானு" என்றீர்கள். அப்படி இலேசான குரலை உங்களிடம் கேட்டு எத்தனையோ வருஷம் ஆயிற்று. தலைச்சுமையை இறக்கி வைத்த ஆள் பேசுகிற மாதிரி இருந்தது. நான், சரிங்க என்று மட்டும் சொன்னேன். கண்ணாயி என் தோளைத் தட்டினாள். பாறையிலிருந்து இறங்கி, பாதி வழியில் உட்கார்ந்துவிட்டேன்.

சாமி ஒன்றும் சொல்லவில்லைங்க.

இந்தக் கடிதத்தோடு வாழைச்சருகுப் பொட்டலம் ஒன்று இருக்கும். பூங்குழலி கீழே போட்டது. நான் அதை ஓடையில் விடவில்லை. பிரித்துப் பாருங்கள். காய்ந்து கறுத்திருந்தாலும் செவ்வரளி என்று தெரியும். இரண்டு பொட்டலத்திலும் நான் செவ்வரளிதான் வைத்தேன். நந்தியாவட்டையைக் கண்ணாயி என் தலையில் பார்த்தாள்.

பலா மரத்தடியில் உட்கார்ந்தபோது அப்படிச் செய்ய வேண்டும் என்று நினைக்கவில்லை. முதல் பொட்டலம் ஒழுங்காகத்தான் கட்டினேன். அடுத்ததற்கு வெள்ளைப் பூவைச் சருகின்மேல் வைத்துவிட்டுப் பார்த்தேன். அதுதான் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊரே கேட்கும்படி, ஐந்து வருஷம் என்று சொல்வார்கள். நான் தலையை ஆட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து, இரண்டு பேருக்கு அரிசி போட வேண்டும். கை தானாக அதை எடுத்துக் கொண்டையில் சொருகிவிட்டது. பக்கத்துச் செடியிலிருந்து இன்னொரு செவ்வரளியைப் பறித்தது. அந்தச் சடங்கில் சாமிக்கு ஒரே ஒரு வேலை வைத்திருந்தார்கள். அதை நான் வாங்கிக்கொண்டேன்.

குலவைச் சத்தம் கேட்டபோது எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஒரு பள்ளத்தைப் பார்த்துக் கத்திவிட்டு, என் குரலே திரும்பி வந்ததற்கு ஊரோடு சேர்ந்து நானும் கைதட்டின மாதிரி இருந்தது. நம்பிக்கை இல்லாதவளுக்கு இதில் என்ன உறுத்தல் என்று கேட்பீர்கள். குழந்தைக்காகக் கேட்ட நாளிலிருந்து நான் அந்தக் கல்லிடம் எதுவும் எதிர்பார்த்ததில்லை. ஆனாலும் அங்கே யாரோ இருக்கலாம் என்கிற ஒரு சின்ன இடத்தை விட்டு வைத்திருந்தேன் போலிருக்கிறது. அது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

செவ்வாய்க்கிழமை மிளகு போடச் சோளக்காட்டுக்குப் போனேன். மர்யம் வந்திருந்தாள், என்னோடு நாமக்கல்லில் படித்தவள், அவள் வீட்டுக்காரர் பைசல்தான் நம் மிளகை எடுக்கிறவர். அவளிடம் மட்டும் சொன்னேன். சாக்கு மூட்டைமேல் உட்கார்ந்து வயிறு குலுங்கச் சிரித்தாள். "பிசிக்ஸ் டீச்சர் பண்ற வேலையாடி இது?" என்றாள். அப்புறம், வாயை மூடிக்கிட்டு இரு, வரட்டும், வந்து பத்து வருஷம் கழிச்சுச் சொல்லிக்கலாம் என்றாள். சாமி அவ்வளவு தூரத்தில் இருந்தால் இதெல்லாம் தெரியவா போகிறது என்று நான் ஏதோ சொன்னேன். அவள், "தூரத்தை வெச்சு என்னடி தெரியும்? என் மகன் ரியாத்ல இருக்கான். பக்கத்து ரூம்ல இருக்கற மாமியாரைவிட அவன்தான் எனக்குப் பக்கம்" என்றாள். அவள் சொன்னபடி வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன், நேற்று நீங்கள் சிரிக்கிறவரை.

நீங்கள் இலேசானது நான் கேட்டதால் இல்லை. யாரோ உங்களுக்காகத் தீர்த்து வைத்துவிட்டார்கள் என்பதால்தான். அத்தனை பெரிய கண்ணாடியைத் துடைக்கிற மனிதருக்கும், தீர்த்து வைக்க ஒரு ஆள் வேண்டியிருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை. எனக்கும் வேண்டியிருந்தது. ஆனால் நாளைக்குப் பட்டறையில் மனசு சலிக்கும்போது, சாமி சொல்லிவிட்டது என்று உங்களைத் தேற்றிக்கொள்வீர்கள். அப்போதெல்லாம் நான் எதிரில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருப்பேன். அது என்னால் ஆகாது.

வகுப்பில் அந்தக் கதையின் மிச்சத்தையும் சொல்லி முடித்தேன். நட்சத்திரக் கூட்டங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகிப் போகின்றன என்று கண்டுபிடித்தது, எல்லாம் ஒரு காலத்தில் ஒன்றாக இருந்து ஒரு தொடக்கத்திலிருந்து விரிந்தது என்று கணக்குச் சொன்னது. தொடக்கம் என்றதும் ரொம்பப் பேருக்கு ஆறுதல். கடவுளுக்கு மறுபடியும் ஒரு வேலை கிடைத்துவிட்டதே. அந்தக் கணக்கை முதலில் போட்டவர்களில் ஒருவர் பாதிரியார். அவரோ, என் கணக்கின் மேல் கடவுளைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள் என்றார். கோகிலவாணி மறுபடி எழுந்தாள். "அப்ப, ஆரம்பிச்சு வெச்சுட்டுப் போயிட்டாருங்களா மிஸ்?" என்று கேட்டாள். எனக்குத் தெரியாது, உட்கார் என்றேன். குரல் கொஞ்சம் கடுமையாகிவிட்டது. பாவம், அவள் வேறு எதையோ கேட்டாள்.

மாமாவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலமானால் கோயிலுக்குப் போய் விளக்கு வைத்துவிட்டு வருவாரே, இந்தப் புரைக்கண்ணோடும் நிறுத்தவில்லை. வழி தவறாமல் இருக்க நான் ஒரு தடவை அவரோடு போனேன். பெரிய வேண்டுதல் ஏதாவது நடக்கும் என்று நினைத்தேன். விளக்கை வைத்துவிட்டு, கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டார். அவ்வளவுதான். எழுந்து வந்துவிட்டார். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று கேட்டேன். "தெனமும் என்னத்தக் கேக்கறது. அது பாட்டுக்கு அது இருக்கும், நான் பாட்டுக்கு நான் இருப்பேன்" என்றார். நேற்றிலிருந்து அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

இந்த வீட்டில் உங்களுக்கு இப்போது ஒரு வேலையும் இல்லை. ஓடு மாற்றியாயிற்று. மோட்டார் ஓடுகிறது. மிளகுக்கு ஆள் இருக்கிறது. கண் ஆபரேஷனுக்கு நான் லீவு சொல்லிவிட்டேன், கூட வருவதற்கு முருகானந்தம் இருக்கிறார். வேலை இருக்கிறது, அதனால் வாருங்கள் என்று சொல்ல ஏதாவது அகப்படுமா என்று வீடு முழுக்கத் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

சாயங்காலம் நான் பேப்பர் திருத்தும்போது எதிரில் ஒரு கட்டில் இருக்கிறது. புதுக் கயிறு போட்டது. மாமாவை அதில் உட்காரச் சொன்னால், அவனோடது என்று கீழேயே உட்கார்ந்துகொள்கிறார்.

பூவை நம்பி எழுதிக் கொடுத்துவிட வேண்டாம். இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு, யோசித்துவிட்டு, உங்கள் மனசு எதுவோ அதை எழுதிக் கொடுங்கள். மாமாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. நீங்களும் சொல்ல வேண்டாம். கண் சரியான பிறகு நானே சொல்கிறேன். அதுவரை அவருக்கு அந்தச் சிவப்பு இருக்கட்டும்.

அங்கேயே இருப்பது என்று முடிவானால் போனில் சொல்லாதீர்கள். பாறையில் நாலு பேர் நிற்பார்கள், எனக்கு முகத்தை வைத்துக்கொள்ளத் தெரியாது. ஒரு கடிதம் போட்டுவிடுங்கள். பள்ளிக்கூட விலாசத்துக்கு.

வருவது என்றால் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. சோளக்காட்டில் இறங்கிவிடாதீர்கள், அங்கிருந்து நம் ஊருக்கு இப்போது சாயங்கால பஸ் இல்லை. செம்மேடு ஸ்டாண்டுவரை வாருங்கள். பள்ளிக்கூடம் விட்ட பிறகு கடைசி பஸ் போகும்வரை நான் அங்கேதான் நிற்கிறேன். பங்குனி முழுக்க நிற்பேன்.

எங்கே இருந்தாலும் உங்கள் மூச்சு சீராக இருக்கட்டும்.

பானுமதி